மண்ணெண்ணெய்க்குக் காத்திருந்த துணி

"அந்நியத் துணி இந்த உடம்பில பட்டால், அப்பவே என்னையும் சேர்த்துக் கொளுத்துங்கோ!" என்று சங்கிலிமுத்து ஐயா முழங்காத மேடை வன்னியின் அக்கராயன் கிராமத்தில் கிடையாது. பதினைந்து வயதில் மதுரையில் சீமைத்துணி எரித்து, மூன்று வாரம் சிறையிருந்த தியாகி. அந்த மூன்று வாரத்தை அறுபது வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக் களைத்த நேரங்களில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு கொட்டில் பள்ளிக்கூடமும் நடத்தினார்.

தொண்ணூற்றாறில் வெளிநாட்டு நிவாரணக்காரர் மாணவிகளின் சீருடைக்கென்று, கரையில் நீல எழுத்து அச்சிட்ட வெள்ளைத் துணிக்கட்டொன்று தந்தார்கள். ஐயா அதை அலுமாரிக்குள் சிறைவைத்தார்.

"ஐயா, என்ர சட்டை கிழிஞ்சு போச்சு. அதில ஒரு துண்டு தாங்கோவன். இல்லாட்டி அம்மா படிக்க விடமாட்டா" என்று சுமித்திரா கெஞ்சினாள்.

"அடிமைத் துணியோ கேக்கிறாய்? அதைச் சந்தியில வச்சுக் கொளுத்தப்போறன்!"

"எப்ப, ஐயா?"

"மண்ணெண்ணெய் வரட்டும்."

வன்னிக்கு அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையின் புண்ணியத்தில் மண்ணெண்ணெய் வரவில்லை. சுமித்திரா படிப்பை விட்டு மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தாள்.

பள்ளிக்கூட ஆண்டுவிழாவை அவள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். மேடையில் ஐயா புது வேட்டியில் பெண்கல்வியின் மகிமையைப் பொழிந்துகொண்டிருந்தார். வேட்டிக் கரையில் நீல எழுத்துகள். அவளுடைய பார்வை போன இடத்தைக் கண்ட ஐயா, பேச்சை நிறுத்தாமலே அந்தக் கரையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.