ஆர்டிஸ் புல் வெட்டாத மே மாதம்

ஆர்டிஸ் வீட்டு முன்வாசல் புல்லில் அந்த மஞ்சள் போர்டைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'தேனீக்களுக்காக மே மாதம் இங்கே புல் வெட்டப்படாது' என்று நகராட்சி இலவசமாகக் கொடுக்கும் போர்டு அது. தெருவில் யார் வீட்டில் முளைத்திருந்தாலும் நான் கண்டுகொண்டிருக்க மாட்டேன். ஆர்டிஸ் வீட்டிலா?

விஸ்கான்சினில், ஆற்றங்கரையில் காகித ஆலையை நம்பி வளர்ந்த ஊர் எங்களுடையது. ஒரு வீட்டில் புல் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டால் உள்ளே யாருக்கோ உடம்பு சரியில்லை, இல்லாவிட்டால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். யாரும் போய் விசாரிக்க மாட்டோம். ஒருத்தர் புல் வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு வருவார், இன்னொருத்தர் உருளைக்கிழங்கும் சீஸும் போட்டுச் சுட்ட பண்டத்தைப் பாத்திரத்தோடு படியில் வைத்துவிட்டுப் போவார். துக்கம் விசாரிப்பது எங்களுக்கு அப்படித்தான் வரும்.

மெஷினோடு முதலில் வந்து நிற்பவள் எப்போதும் ஆர்டிஸ்தான். என் வீட்டுக்காரர் லாயிட் இறந்து, அடக்கம் முடிந்து திரும்பி வந்தபோது என் வாசலில் புல் கோடு பிடித்தாற்போல வெட்டியிருந்தது. அப்படி நேராக வெட்ட இந்தத் தெருவில் அவள் ஒருத்தியால்தான் முடியும். நான் நன்றி சொன்னதற்கு, "என்னது, புல்லா? தெரியலையே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தன் வீட்டுப் புல்லை மட்டும் யாரையும் தொட விடமாட்டாள். முழங்கால் ஆபரேஷனுக்குப் போகிற அன்றைக்குக் காலையில், கணவர் டெல்மர் காரோடு தயாராக நிற்க, வெட்டி முடித்துவிட்டுத்தான் ஏறினாள்.

அப்பேர்ப்பட்டவள் வாசலில் இந்த போர்டு. நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஆயுசு முழுக்க பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள், குரல் கொஞ்சம் பெரியது. தெருவைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டினேன்.

"ஏண்டி, உனக்கு என்ன ஆச்சு?"

கதவைப் பாதிதான் திறந்தாள். நிலையில் சாய்ந்து நின்றாள்.

"என்ன ஆகணும்? தேனீக்கு இந்த மாசம் புல்லுல பூக்குற பூவை விட்டா சாப்பாடு கிடைக்காதாம். டெல்மருக்கு ரொம்ப நாளா ஆசை."

"டெல்மருக்கு ஆசைன்னா நீ விட்டுடுவியா? போன வருஷம் என்ன சொன்ன நீ? தேனீக்குப் பசிச்சா என் வீட்டு வாசல்லதான் வந்து திங்கணுமான்னு கேக்கல?"

"மனசு மாறிடுச்சு. உனக்குத்தான் எதுவும் மாறாது, அந்தத் தலைமுடி உட்பட."

சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள். நானும் சிரித்துக்கொண்டுதான் திரும்பினேன். உள்ளே வா, காபி குடி என்று அவள் கூப்பிடவில்லை என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது. வீட்டுக்குள் ஏதாவது வேலையாக இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

டெல்மருக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அவர் தினமும் ஒரு படம் எடுத்து, ஊர்க்காரர்கள் பார்க்கிற இணையப் பக்கத்தில் போடுகிறவர். பனிக்காலத்தில் சமையலறை மேஜையில் கிடக்கிற ஸ்பூனைக்கூட எடுத்துப் போட்டிருக்கிறார். இந்த மே மாதம் அவருக்குக் கொண்டாட்டம். கொல்லைப்புறப் புல்லில் டேன்டிலயன் பூ மஞ்சள் மஞ்சளாக விரிந்தது, நடுவில் வயலெட் பூ, பிறகு வெள்ளை க்ளோவர். காலைச் சாப்பாடு முடிந்ததும் குப்புறப் படுத்து, கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, பூவில் வந்து உட்காரும் தேனீயை எடுப்பார். தேனீயின் கால்மயிர்கூட எண்ணுகிற மாதிரி விழும். பின்னால் இருப்பதெல்லாம் கலங்கலாகத் தெரியும்.

நாங்கள் எல்லோரும் கைபேசியில் பார்த்தோம். பார்த்து ஒரு இதயத்தைத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனோம். ஆர்டிஸ் வீட்டுப் புல் முழங்காலைத் தொட்டது. யாரும் மெஷினைத் தள்ளிக்கொண்டு போகவில்லை. அதுதான் போர்டு இருக்கிறதே.

மாதக் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம், நூலகத்தில் டெல்மரின் படங்களைப் பெரிய திரையில் போட்டுக் காட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள். காபி, எலுமிச்சை கேக், மடக்கு நாற்காலி, தெருவே வந்திருந்தது. ஆர்டிஸ் கதவோர நாற்காலியில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த வெயிலில் எதற்குக் கோட்டு என்று கேட்க நினைத்தேன், அதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

டெல்மர் நாள் வரிசைப்படி படங்களை ஓட்டினார். "இது மண்ணுல வளை தோண்டுற தேனீ. இங்க பாருங்க, இது குண்டுத் தேனீ, ராணி. தனியா வந்து குடும்பத்தைக் கட்டுறவ" என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம்.

எனக்கு பஸ் ஓட்டிய புத்தி. முன்னால் என்ன இருந்தாலும் பின்னால் என்ன நடக்கிறது என்றுதான் கண் போகும். திரை பெரிதாக இருந்ததால் அந்தக் கலங்கலிலும் ஒரு சிவப்பு ஸ்வெட்டர் தெரிந்தது. முதல் படத்தில் துணிக்கொடி பக்கத்தில் நின்றது. அடுத்த சில படங்களில் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு பாதி வழியில் ஒரு நாற்காலியும் அதில் அந்தச் சிவப்பும். கொடியில் துணியே இல்லை.

"டெல்மர், கொஞ்சம் பின்னாடி போப்பா" என்றேன்.

"எந்தத் தேனீ வேணும் வெர்னா?"

"தேனீ கெடக்கட்டும். பின்னாடி உக்காந்திருக்கிறது யாரு?"

"ஆர்டிஸ்தான். எப்பப் பாத்தாலும் குறுக்க வந்துடுவா."

எல்லோரும் சிரித்தார்கள். டெல்மரும் சிரித்தார்.

"சரி, இப்ப ஒவ்வொண்ணா போடு. பூவைப் பாக்காத."

ஒவ்வொன்றாகப் போட்டார். நாற்காலி நாளுக்கு நாள் கேமராவுக்குக் கிட்டே வந்துகொண்டிருந்தது. சிரிப்பு மெல்ல அடங்கியது. ஒரு படத்தில் க்ளோவர் பூவில் தேனீ, அதற்குப் பக்கத்திலேயே, திரையின் ஓரத்தில், துல்லியமாக ஒரு கால். வீட்டுக்குள் போடும் டெல்மரின் பெரிய செருப்புக்குள்ளும் அடங்காமல் வீங்கிப் பிதுங்கிக்கொண்டிருந்த கால். தோல் நீர் கோத்துப் பளபளவென்றிருந்தது. அடுத்த படத்தில் நாற்காலி காலி. அவள் தூரத்தில் கொல்லைப்புறப் படிக்குப் போய், முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த படத்திலும் அப்படியே. எல்லாப் படத்திலும் முன்னால் ஒரு தேனீ அழகாக இருந்தது.

இத்தனை படத்துக்கும் நான் இதயம் போட்டிருக்கிறேன்.

"தேனீ பாக்க வந்தவங்களுக்குத் தேனீயைக் காட்டு டெல்மர்" என்றாள் ஆர்டிஸ் கதவோரத்திலிருந்து. "வெர்னா, வம்பு பண்ணாத."

சொல்லிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. யாரோ விளக்கைப் போட்டார்கள். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. டெல்மர் கையிலிருந்த ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டு, நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

ஆம்புலன்ஸ் பின்னாலேயே நான் டெல்மரை என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவர் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டு வந்தார். "நான் அங்கதான இருந்தேன் வெர்னா. தினமும் அங்கதான இருந்தேன்." நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போய்விட்டது என்றார் டாக்டர். பனி உருகுவதற்கு முன்பே மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கும், இத்தனை நாள் தாக்குப் பிடித்ததே பெரிது, உடனே ஆபரேஷன், பிழைப்பாரா என்று இப்போது சொல்ல முடியாது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நான் போனபோது மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டெல்மர் காபி வாங்கக் கீழே போனார். அவர் போகட்டும் என்றுதான் நானும் காத்துக்கொண்டிருந்தேன்.

"உன்னால மெஷினைத் தள்ள முடியல. அதுக்காகத்தான் அந்த போர்டு. அப்படித்தான?"

"போர்டு வெக்கலன்னா நீங்க எல்லாரும் மெஷினோட வந்து நிப்பீங்க."

"நிப்போம். அதுல என்ன கேவலம்? என் வாசல்ல நீ வெட்டலையா?"

"உனக்கு நான் வெட்டலாம். எனக்கு நீ வெட்டுறத ஜன்னல் வழியா பாத்துட்டு என்னால உக்காந்திருக்க முடியாதுடி."

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. நோயாளி என்றும் பார்க்கவில்லை.

"திமிரு. சரி, எங்களுக்குத்தான் சொல்லல. கட்டின மனுஷனுக்குமா சொல்லக்கூடாது?"

அவள் போர்வையை நீவிவிட்டாள். மூச்சு வாங்கியது, காத்திருந்தேன்.

"வாயால சொல்ல வரல வெர்னா. எங்க வீட்டுல யாரும் அப்படிச் சொல்லி எனக்குப் பழக்கமில்ல. அதான் டெல்மர் கேமராவை எடுத்ததும் நானும் போய்ப் பின்னாடி உக்காந்துப்பேன். படத்துல விழுவேன், வீட்டுக்குள்ள வந்து போட்டுப் பாக்கும்போது கண்ணுல படும், என்னடி இதுன்னு ஒரு வார்த்தை கேப்பாருன்னு பாத்தேன். கேக்கல. மறுநாள் நாற்காலியைக் கொஞ்சம் கிட்ட போட்டேன். அதுக்கு மறுநாள் இன்னும் கிட்ட."

களைப்பாறத்தான் அந்த நாற்காலி என்று இவ்வளவு நேரமும் நான் நினைத்திருந்தேன்.

"அப்புறம் ஏன் எழுந்து படிக்குப் போன?"

"தள்ளி உக்காரு, பூ மேல உன் நிழல் விழுதுன்னு சொன்னாரு."

கதவு திறந்தது. டெல்மர் இரண்டு காகிதக் கோப்பைகளோடு உள்ளே வந்தார். சவரம் செய்யாத முகம், கண் சிவந்து கிடந்தது. ஒரு கோப்பையை என்னிடம் நீட்டினார்.

"என்ன, நான் வந்ததும் பேச்சு நின்னுடுச்சு? என்ன பேசிட்டிருந்தீங்க?"

நான் ஆர்டிஸைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து, அவர் உட்கார இடம் விட்டாள்.

"புல்லைப் பத்தித்தான்" என்றாள்.