நெருப்பெரிச்சலுக்கு ஒரு டேப்போடு

2007 மார்ச், ஞாயிற்றுக்கிழமை. கோவையில் ஒரு மருத்துவமனையில் நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜிஸ்ட் வேலை எனக்கு. விளங்காதவர்களிடம் ஸ்கேன் எடுப்பவன் என்று சொல்லிவிடுவேன். எங்களிடம் வரும் செல்விக்குத் தைராய்டு புற்றுநோய். ஆபரேஷன் முடிந்தது, அடுத்து கதிரியக்க அயோடின் கொடுக்க வேண்டும். எங்களிடம் மூன்று நாள் தனியறையில் இருந்து வீடு திரும்பினாலும், உடம்பிலிருந்து கதிர் வீசும் என்பதால் அதன்பின் ஒரு வாரம் சின்னக் குழந்தையை நெருங்கக் கூடாது. அவளுக்கு இரண்டு வயதில் பெண். வீட்டில் தனியாக இருக்க வசதி இல்லையென்றால் சிகிச்சை தள்ளிப்போகும். இந்தச் சிகிச்சைக்காகத் தைராய்டு மாத்திரையை நிறுத்தி மூன்று வாரமாகச் சோர்ந்து கிடக்கிறவள் இன்னும் எத்தனை நாள் காத்திருப்பாள்? நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

காந்திபுரத்தில் காலை ஏழே காலுக்குப் பஸ். திருப்பூர் ஐம்பது கிலோமீட்டர், பதினெட்டு ரூபாய். பாட்டுச் சத்தம் இலவசம். அங்கிருந்து நெருப்பெரிச்சலுக்கு டவுன் பஸ்ஸில் நான்கு ரூபாய். ஞாயிறென்றால் கம்பெனி ஆட்களெல்லாம் கடைவீதிக்கு வருவார்கள். எதிர்த்திசையில் போகிற நமக்கு ஜன்னல் சீட்டே கிடைக்கும்.

வரிசை வீடுகளில் மூன்றாவது செல்வியுடையது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பனியன் தைக்க வந்த குடும்பம். ஒரே அறை. நடுவில் இடுப்பளவுக்கு வேஸ்ட் துணி மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தாள்.

"கம்பெனில கேட்டு வாங்குனேன் சார். கதிரு இதத் தாண்டி வராதுல்லா?"

துணி எதையும் தடுக்காது, தூரம்தான் முக்கியம் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. சரி, பாப்பா அந்தப் பக்கம் வராமலாவது தடுக்குமே என்று சமாதானம் சொல்லி, தூரம் அளக்கக் கொண்டுவந்த டேப்பை நீட்டினேன். அளந்து சுருட்டுவதற்குள் பாப்பா மூட்டைமேல் ஏறி அம்மா மடியில் குதித்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, செல்விக்கு வரவில்லை.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா உள்ளே வந்தார்.

"ஏனுங்க, மாடி ரூம் சும்மாத்தான் கெடக்குது. கக்கூசும் தனிங்க. எங்க ஊட்டுக்கு ஒண்ணும் ஆவாதுங்களே?"

ஆகாது, கக்கூசில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றினால் போதும் என்றேன்.

"அப்பறமென்னங்க, இருக்கட்டும். உள்பக்கம் தாப்பாள் இருக்குது, கண்ணு. பாப்பா வர முடியாது."

இதே சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு: திரும்பும்போது பஸ் வேண்டாம். காரில் பின்சீட்டில், டிரைவருக்கு எதிர்மூலையில் உட்காருங்கள். தட்டும் டம்ளரும் தனியாக இருக்கட்டும். குழந்தையைச் சமாளிக்க ஓர் ஆளை முன்பே பேசி வையுங்கள்.

அறைக்கு நான் போட்டு வைத்திருந்த விதிகளெல்லாம் குழந்தை உள்ளே வராமல் இருக்கத்தான். கிளம்பும்போது செல்வி வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டது அவற்றில் இல்லை.

"தாப்பாள வெளிப்பக்கம் போட முடியுமாக்கா? அவ அழுதா நான் எறங்கி வந்துருவேன்."