கடைமடையில் ஒரு ஃபோட்டான்

என் தங்கை கவிப்ரியாவுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. எங்கள் ஊர் நாகப்பட்டினம் பக்கம், வாய்க்காலின் கடைசி. மேட்டூரில் திறந்த தண்ணீரை வழியில் ஆளாளுக்கு மோட்டார் வைத்து உறிஞ்சியது போக, எங்களுக்குக் கால் நனைக்கக்கூட மிஞ்சாது. "எதுவரைக்கும் வந்துருக்குன்னு பாத்துட்டு வாங்க" என்று அப்பா எங்களைச் சைக்கிளில் விரட்டுவார். பார்த்துவிட்டு வந்து வயிறெரிவதுதான் எங்கள் பள்ளி விடுமுறை.

படித்து முடித்துச் சிங்கப்பூர் போனாள். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில், ஒளியின் மிகச் சிறிய துகளான ஃபோட்டானை ஒவ்வொன்றாகக் கண்ணாடி இழைக்குள் விட்டு, இழை பிரியும் இடங்களில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று திருப்பிவிடும் வேலை. மறுமுனைக்குத்தான் எதுவும் உருப்படியாகப் போய்ச் சேரவில்லை. செப்டம்பருக்குள் சேராவிட்டால் வேலையும் போய்விடும், விசாவும் போய்விடும்.

"பெரிய வெளிச்சம் அடிச்சா ஒழுங்கா போவுதுண்ணே. ஒத்தை ஒத்தையா விட்டாத்தான் காணாமப் போவுது" என்று போனில் அழுவாள். எனக்கு எரிச்சலாக வரும். இங்கே நாற்று காய்கிறது, இவள் கண்ணுக்கே தெரியாத ஒன்றைத் தொலைத்துவிட்டு ஒப்பாரி வைக்கிறாள்!

"எங்க தொலையுதுன்னு பாத்தியா?"

"ஒவ்வொரு பிரிவுலயும் கருவி வச்சிருக்கேன். வர்ற வெளிச்சத்துல கொஞ்சத்த இழுத்துப் பாக்கும். புரொபசர் எடுத்துருன்னு திட்டுறாரு. பாக்காம எப்புடிண்ணே இருக்கறது? இப்ப பன்னண்டு ஆக்கிட்டேன்."

எனக்கு அவள் கதை கேட்கும் பொறுமை இல்லை. என் பாட்டைத் தொடங்கினேன். "மேல ஊர்க்காரனுங்க இந்த வருசமும் மோட்டார இறக்கிட்டானுங்க. கேட்டா, நான் கொஞ்சந்தான எடுக்குறேன்ங்கறான். ஒவ்வொருத்தனும் அதத்தான் சொல்றான்."

அவள் என்னை இடைமறித்தாள்.

"அண்ணே, ஒத்தை ஃபோட்டான்லேர்ந்து கொஞ்சம்னு எடுக்க முடியாது. கருவில மாட்டுன ஃபோட்டான் அதோட முடிஞ்சுது. அதுக்கப்பறம் போவ ஒன்னுமில்ல" என்றாள். "வழி நெடுக மோட்டார் வச்சவ நான்தான்."

மறுநாள் சாயங்காலம் கூப்பிட்டாள். "வந்துருச்சுண்ணே! திருப்பிவிட்ட பக்கமே வந்துருச்சு!"

அப்பா போனைப் பிடுங்கினார். "எதுவரைக்கும்மா?"

"கடைசி வரைக்கும்ப்பா. நம்ம வாய்க்கால்ல வந்துச்சா?"

அப்பா போனை என்னிடம் நீட்டினார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. அவள் வைத்த பன்னிரண்டையும் ஒரே பகலில் கழற்றிவிட்டாள். இங்கே ஒன்றைக்கூட என்னால் கழற்ற முடியாது.