பாலத்தடியில் வந்த ஆரஞ்சு கார்

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்னும் எனக்குக் குழப்பம்தான். டிரிப் ஷீட்டைத் தவிர வேறெதையும் இவ்வளவு நீளமாக எழுதியதில்லை.

குற்றாலத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். வீடு தென்காசியில். ஆட்களோடு பேச எனக்குக் கூச்சம். பின்சீட்டில் இருப்பவர்கள் கேட்டால் "ஐந்தருவியில தண்ணி நல்லா விழுது" என்பேன். அடுத்த வார்த்தை வராது. மகளிடமும் அப்படித்தான் இருந்தேன், டிவியில் மாட்டி விளையாடும் ஒரு கார் கேமை அவள் வாங்கி வரும்வரை.

அதில் ஒரு முழு ஊரே இருக்கிறது. கடல், மலை, மேம்பாலம் எல்லாம் உண்டு. எங்கு வேண்டுமானாலும் ஓட்டிப் போகலாம். தெருவில் எப்போதாவது அபூர்வமான ஸ்போர்ட்ஸ் கார் வரும். அதைப் பிடித்து நம் ஷெட்டுக்குள் கொண்டுபோய் விட்டால் நமக்குச் சொந்தம். வழியில் இறங்கி முதுகைத் திருப்பினால் கார் மறைந்துவிடும்.

"அப்பா, இதுல சிக்னல்ல நிக்க வேண்டாம்" என்று சிரிப்பாள்.

"சிவப்பு விழுந்திருக்குல்லா."

"பின்னால வாறவன்லாம் ஹாரன் அடிச்சு ஏசுதான் பாருங்க!"

அவள் பட்டியலில் ஒரு கார் மட்டும் பாக்கி. விமான நிலையத்துப் பக்கம் வரும் என்று இன்டர்நெட்டில் எல்லோரும் சொன்னார்கள். அவள் ஒப்பவில்லை. நாட்கணக்கில் நோட்டில் குறித்து வைத்து, மழை விட்ட காலையில் துறைமுகப் பாலத்தடியில்தான் வரும் என்று தானே கண்டுபிடித்திருந்தாள். அதை யாரும் நம்பவில்லை. இன்டர்நெட்டில் எழுதிப் போட்டதற்குக் கேலிதான் வந்தது.

ஆடியில் அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. ஆடியில் போய் வேலையில் சேருவார்களா என்று அவள் அம்மா புலம்பினாள். கம்பெனிக்காரன் ஆவணிவரை காத்திருப்பானா? கிளம்ப ஒரு வாரம் இருந்தது.

"போறதுக்குள்ள நான் சொன்னது சரியா தப்பான்னு தெரிஞ்சுரணும்ப்பா. நான் துணி எடுத்து வைக்கேன், நீங்க ஓட்டுங்க" என்றாள்.

அந்த வாரம் என் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. ஆட்களைப் பழைய குற்றாலத்தில் இறக்கிவிட்டால் குளித்து வர இரண்டு மணி நேரமாகும். மற்ற டிரைவர்கள் சீட்டைச் சாய்த்துத் தூங்குவார்கள். நான் தென்காசிக்கு ஓடி வருவேன். வண்டிச் சாவி சட்டைப்பையில், கேம் கன்ட்ரோலர் கையில், கண் கடிகாரத்தில். பாலத்தடியில் வட்டமடித்துவிட்டு மறுபடி ஓடுவேன். ஒருநாள் ஈரத் துண்டோடு ஒரு குடும்பமே சாரலில் நின்று என்னைத் திட்டியது.

அவள் கிளம்பும் நாள் மத்தியானம், பெட்டிக்குப் பூட்டு வாங்க அம்மாவும் மகளும் கடைக்குப் போயிருந்தார்கள். கேமில் மழை விட்டு விடிந்தது. பாலத்தடியிலிருந்து அது வந்தது. ஆரஞ்சு நிறம், தரையோடு தரையாக. பிடித்துவிட்டேன். ஒரு கீறல் விழாமல் ஷெட்டை நோக்கி மெதுவாக ஓட்டினேன்.

வழியில் கோபுரம் வைத்த ஒரு சர்ச் வந்தது. எங்கள் ஸ்டாண்டில் புது வண்டி எதுவும் நேரே வீட்டுக்குப் போகாது. முதலில் ஒரு சாமி முன்னால் நிறுத்தி, இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுப்போம். எந்தச் சாமி என்று பார்ப்பதில்லை. எத்தனையோ வருஷப் பழக்கம். விரல் தானாகப் பொத்தானை அழுத்தியது. டிவியில் இருந்தவன் இறங்கிச் சர்ச்சைப் பார்த்து நின்றான். நானும் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுக் கும்பிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் ஈர ரோடு மட்டும் இருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. "கார் வந்துச்சாப்பா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள்.

"இல்லம்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு மூடினாள். சாயங்காலம் ரயிலேற்றிவிட்டு வந்தேன்.

அதன்பின் தினமும் போனில் கேட்பாள். தினமும் இல்லை என்பேன். ஒருநாள், "விட்டுருங்கப்பா, நான் குறிச்சதுதான் தப்பு. அவனுவ கேலி பண்ணது சரிதான்" என்றாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டியரிங் பிடித்தாலும் அந்தப் பேச்சுதான் காதில். செங்கோட்டைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் நேரே போய்விட்டேன்.

நேற்று காலை நானே போன் போட்டேன்.

"ஏட்டி, ஒண்ணு சொல்லணும். அது வந்துச்சு. நீ ரயிலேறுன அன்னைக்கே வந்துச்சு. நான்தான் இறங்கித் தொலைச்சேன்."

"எதுக்கு இறங்குனீங்க?"

"சாமி கும்பிட."

அந்தப் பக்கம் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"எங்க வந்துச்சு?"

"பாலத்தடியிலதான். மழை விட்டதும்."

"நான் சொன்னேன்லா!" என்று போனில் அவள் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து அவள் அம்மா ஓடி வந்தாள். "அப்பா, நல்லாப் பாத்தீங்களா? பாலத்தடியிலயா? விமான நிலையத்துல இல்லல்லா?"

கார் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாலத்தின் எந்தத் தூண், எந்தப் பக்கம் பார்த்து வந்தது, முன்னால் என்ன வண்டி போனது என்று நோட்டில் எழுத எழுதக் கேட்டாள். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவளிடம் அவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை.

கடைசியில், "என்கிட்ட ஏன்ப்பா மறைச்சீங்க?" என்றாள். வாயில் வராத பதில் எழுத்திலாவது வருமா என்றுதான் இதை எழுதினேன்.

ஆவணி 3, செவ்வாய்க்கிழமை.