ஆட்டுத் தலையும் பத்து நிமிட ஸ்கேனும்

ஓஷ் நகரத்து ஸ்கேன் மையத்தில் பதினெட்டு வருஷமாக எம்.ஆர்.ஐ. எடுக்கிறவள் பெர்மெத். இயந்திரத்தின் இரைச்சல்கூட அவளுக்குப் பழகிவிட்டது, இயக்குநர் குபாத்தின் பேச்சுதான் பழகவில்லை. நல்ல சட்டை மாட்டிய காலி டப்பா என்பது அவனைப் பற்றி அவளுடைய கணிப்பு.

அந்த வசந்தத்தில் அவன் ஒரு புது மென்பொருள் வாங்கி வந்தான். இயந்திரம் கால்வாசித் தகவலை மட்டும் சேகரிக்கும், மீதியை மென்பொருளே ஊகித்துப் படத்தை முடித்துவிடும். நாற்பது நிமிட வேலை பத்து நிமிடத்தில் தீரும். திங்கள் முதல் யாருக்கும் முழு ஸ்கேன் கிடையாது என்று உத்தரவும் போட்டான்.

"மூளையில சின்னக் கட்டி இருந்தா தப்பிடும்," என்றாள் பெர்மெத்.

"உங்க காலத்துக் கணக்கு வேற அக்கா. இது உங்களுக்குப் புரியாது."

மறுநாள் அவள் சந்தையில் ஓர் ஆட்டுத் தலை வாங்கி, மூளைக்குள் ஒரு பார்லி மணியைச் செருகி, இரண்டு விதமாகவும் ஸ்கேன் எடுத்தாள். வேகப் படத்தை முதலில் நீட்டினாள்.

"கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க," என்று பூரித்தான் குபாத்.

முழுப் படத்தைப் பக்கத்தில் வைத்தாள். அதில் கறுப்பாக ஒரு புள்ளி. "நான் வெச்ச பார்லி. உங்க மென்பொருள் முழுங்கிடுச்சு."

"ஆடும் மனுஷனும் ஒண்ணா?"

"இல்லதான். ஆட்டுக்கு மூளை இருக்குன்னு ரெண்டு படத்துலயும் தெரியுது."

குபாத் பேனாவை எடுத்து, உத்தரவில் 'வேக ஸ்கேன் முழங்காலுக்கு மட்டும்' என்று திருத்தினான். பெர்மெத் காகிதத்தில் சுற்றிய தலையை அவன் மேசைமேல் வைத்தாள்.

"நம்ம ஊர் விருந்துல ஆட்டுத் தலை பெரிய மனுஷங்களுக்குத்தானே. எடுத்துட்டுப் போங்க."