பாத்திமாவில் அக்கா அடியழித்த நாள்

அக்கா போய் முப்பத்தொரு நாளாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்களில் பாதிப்பேர் அவரின் சமையலைச் சாப்பிட்டவர்கள், மீதிப்பேர் அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள். நான் இரண்டிலும் சேர்த்தி.

அக்கா சுன்னாகத்தில் பிறந்தார். போர் எங்களைக் கிளப்பியபோது தனியே கனடா வந்து, பார்க்டேலில் ஐந்து பேரோடு ஓர் அறையில் தங்கி, பேக்கரியில் மா பிசைந்து உழைத்து என்னையும் கூப்பிட்டார். "முதல் உன்னை ஒரு ஆளாக்கிப்போட்டு என்ர கலியாணத்தைப் பாப்பம்" என்றவர், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பேக்கரியில் பக்கத்து மேசையில் நின்ற போர்த்துக்கீசப் பெண் ரோசாதான் கடைசிவரை அவரின் உயிர்த்தோழி. அரைகுறை ஆங்கிலத்தில் முப்பது வருடம் பேசியும் அவர்களுக்குப் பேச்சு முடியவில்லை.

எனக்கு இருதயச் சத்திரசிகிச்சை நடந்தபோது, நல்லூரானுக்கு நேர்ந்த கையோடு ரோசா சொன்ன பாத்திமா மாதாவுக்கும் அக்கா நேர்த்தி வைத்தார். நான் பிழைத்தால் போர்த்துக்கல்லில் இருக்கும் பாத்திமா ஊருக்கே வந்து மெழுகில் செய்த இருதயம் ஒன்றைக் காணிக்கையாகக் கொடுப்பதாக. நான் தேறியதும் மூவருமாகப் போனோம்.

கோயிலுக்குக் கிட்டவுள்ள கடைகளில் மெழுகுக் கை, கால், தலை எல்லாம் விற்கிறார்கள். அக்கா வடிவான இருதயமாகப் பார்த்து எடுத்தார். வரிசையில் முன்னே போனபிறகுதான், காணிக்கையை எரிகிற நெருப்பில் போடுவதே அங்கே முறை என்று தெரிந்தது. அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா, இது வெறும் மெழுகுதானே. போடுங்கோ."

"உயிரோட நிக்கிற உன்ர நெஞ்சை நான் நெருப்பிலை போடுறதோ? எனக்கு ஏலாது, தம்பி."

போடாவிட்டால் நேர்த்தி தவறி, அது என் தலையில் விடியும் என்ற பயமும் அவருக்கு. ரோசா தான் போடுவதாகச் சொல்லியும் கொடுக்கவில்லை. கடைசியில் மாதாவின் முன்னால் பூக்களோடு இருதயத்தை வைத்து, "இதுக்குப் பதிலா அடியழிக்கிறன், தாயே" என்று சேலையை இழுத்துச் செருகினார். மற்றவர்கள் முழங்காலில் போகும் பாதையில், நல்லூர்க் கோயிலில் பெண்கள் செய்வதுபோல, அடிக்கொருமுறை விழுந்து வணங்கி எழுந்து போகத் தொடங்கினார். யாரோ வயதான அம்மா மயங்கி விழுந்துவிட்டார் என்று காவலாளி ஓடிவந்தார். ரோசா அவரிடம் தங்கள் மொழியில் ஏதோ சொல்ல, அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு விலகி நின்றார். முழுப் பாதையையும் முடித்துச் சேலையைத் தட்டியபடி அக்கா சொன்னார்:

"இனி உனக்கு ஒண்டும் வராது."

அவ்வளவு சந்தோசமாக அவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மில்லிக்கன் பகுதியில் இருந்த வீட்டில் கடைசி ஆறு மாதமும் அக்கா தன் நோயைப் பெரிதாக எடுக்கவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாயிற்றா என்று படுக்கையிலிருந்தே விசாரித்தபடி நிம்மதியாகப் போனார்.

கிரியைகளை நடத்திய குருக்களுக்கும், நாள்தவறாமல் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும், தூர இடங்களிலிருந்து வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லாததால் கொள்ளி வைக்கும் கடமை எனக்கு வந்தது. இங்கே கனடாவில் அது தகன மண்டபச் சுவரில் இருக்கும், உலையை மூட்டும் ஒரு பொத்தான். அதன் முன்னால் என் கை எழவே இல்லை. என் கைமேல் தன் கையை வைத்து, என்னோடு சேர்ந்து அதை அழுத்திய ரோசாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அன்புத் தம்பி