போன் குளத்துக்கு வந்த நாரை

எங்க லோவெச் ஊர்ல ரங்கெல் அண்ணன்கிட்ட கார் ஓட்டக் கத்துக்கிட்டவங்க எல்லாருக்கும் ஒரு காது மந்தம். அவர் உக்கார்ற பக்கத்துக் காது. "பிரேக்கு! பிரேக்கு! யம்மா தாயே, அது ஹாரன்!" இருபத்தாறு வருஷமா இதே சத்தம். நான் அந்த டிரைவிங் ஸ்கூல் ஆபீஸ்ல அப்ளிகேஷன் நிரப்புறவ. ஜன்னலை மூடினாலும் கேக்கும்.

அந்த மனுஷன் பிப்ரவரியில போன்ல ஒரு கேம் இறக்கினாரு. என்ன கேம்ங்கிறீங்க? ஒரு குளம், கொஞ்சம் நாணல், அவ்ளோதான்! சுடவேண்டாம், ஓடவேண்டாம். போன் ஆடாம இருந்தா தவளை வரும். ரொம்ப நேரம் ஆடாம இருந்தா நாரை வருமாம்.

மார்ச் ஒண்ணாந்தேதி எங்க ஊர் வழக்கப்படி எல்லாரையும் மாதிரி அவரும் மணிக்கட்டுல சிவப்பு வெள்ளை நூல் கட்டிக்கிட்டாரு. வருஷத்தோட முதல் நாரையைப் பாத்ததும் மனசுல ஒண்ணு வேண்டிக்கிட்டு, நூலைக் கழட்டிப் பூத்த மரத்துல கட்டணும். அவரோட வேண்டுதல் ஊருக்கே தெரியும்: அவர்கிட்ட கத்துக்கிற மருந்துக்கடை ஜோர்னித்சா அக்கா டிரைவிங் டெஸ்ட்ல பாஸாகணும். ஆறு தடவை ஃபெயில். "ஏழாவதும் போச்சுன்னா நான் ஆடு மேய்க்கப் போறேன்"னு சொல்லிட்டாரு.

போன் இருந்தது கார் டேஷ்போர்டுல. ஜோர்னித்சா அக்கா மிதிச்ச ஒரு பிரேக்குல தவளையெல்லாம் தெறிச்சு ஓடிப்போச்சு. அப்பதான் அண்ணன் முதல்முதலா குரலை இறக்கி, "மெதுவா மிதிம்மா... குளம் கலங்குது பாரு"ன்னாரு.

அக்கா காரை நிறுத்திட்டு நேரா ஆபீஸுக்கே வந்துட்டாங்க. "அவருக்கு என்னடி ஆச்சு? பிரஷர் பாத்தீங்களா?"

அப்புறம் மூணு வாரம் அந்தக் கார், தயிர் சட்டிய மடியில வெச்சுக்கிட்டுப் போற மாதிரி போச்சு.

டெஸ்டுக்கு முதல் நாள் நானும் பின்சீட்ல இருந்தேன். "அண்ணே, நாரை!"ன்னு அக்கா கத்தினாங்க. பள்ளிக்கூடப் புகைபோக்கி மேல, நிஜ நாரை, ஒத்தக்கால்ல நின்னுச்சு.

"உஷ்! கத்தாத, பறந்துடும்"னாரு அண்ணன். அவர் கண்ணு போன்ல. அங்கயும் ஒண்ணு வந்து நின்னுக்கிட்டிருந்துச்சு!

ரெண்டு பேரும் ஒரே பிளம் மரத்துல நூலைக் கட்டினாங்க. ஆபீஸ்ல ஒரே ரகளை. "போன் நாரையெல்லாம் செல்லாதுய்யா"ன்னாரு ஓனர். "நிஜத்துக்கு முதுகைக் காட்டிட்டுப் பொம்மையப் பாத்தவனுக்கு எது பலிக்கும்?"

மறுநாள் அக்கா பாஸ்!

"பாத்தீங்களா, என் நாரையோட வேலை!"ன்னு அண்ணன் மார்தட்டினாரு.

"என்னோடதும்தான் பலிச்சுது அண்ணே"ன்னாங்க அக்கா.

"நீ என்ன வேண்டுன?"

"நீங்க கத்தறதை நிறுத்தணும்னு."

அண்ணன் முகம் சிவந்துச்சு. வாயைத் திறந்தாரு. நாங்க எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டோம். மேசை மேல போன். குளத்துல நாரை இன்னும் அசையாம நின்னுக்கிட்டிருந்துச்சு. அதைப் பாத்தாரு. திறந்த வாயை அப்படியே மூடினாரு.

"சந்தோஷம்மா"ன்னாரு, எனக்கே அரைகுறையாக் கேக்குற அளவு மெதுவா.